சிவப்பு எங்கே இருக்கிறது?

சுமார் 700 நானோமீட்டர் அலைநீளமுள்ள ஒளி கண்ணில் பட்டால் சிவப்பு தெரிகிறது. அலைநீளம் இயற்கையில் இருக்கிறது, சரி. அந்தச் சிவப்பு? 1623இல் கலிலியோ ஒரு கோடு கிழித்தார்: வடிவமும் எண்ணிக்கையும் இயக்கமும் பொருளுக்கு உரியவை, நிறம், மணம், சுவை எல்லாம் உணரும் உயிருக்குள் மட்டுமே இருப்பவை. இயற்பியல் வளர அந்தக் கோடு பெரிதும் உதவியது. ஒதுக்கியதை எங்கே வைப்பது என்ற வழக்கு மட்டும் இன்னும் முடியவில்லை.

பிரெஞ்சு மெய்யியலாளர் டெக்கார்ட் மனத்தை உடலிலிருந்து வேறான தனிப்பொருளாக்கினார். 1643இல் பொஹீமிய இளவரசி எலிசபெத் கடிதம் எழுதி அவரிடம் கேட்டார்: இடத்தை அடைக்காத மனம் உடலை எப்படி அசைக்கும்? அவர் தந்த விளக்கம் எலிசபெத்துக்கு நிறைவளிக்கவில்லை, எனக்கும்தான்.

மனமும் பொருளின் செயலே என்னும் பொருள்முதல்வாதத்தை அப்படித் தள்ள முடியாது. மயக்கமருந்து ஏறினால் உணர்வு மறைகிறது. மூளையின் குறிப்பிட்ட பகுதி சிதைந்தால் கண் நன்றாக இருந்தும் நிறங்கள் போய்விடுகின்றன. எனவே அனுபவம் என்பது நரம்பணுக்களின் செயலே என்கிறார்கள். சான்றுகளை ஏற்கிறேன், முடிவைத்தான் ஏற்க முடியவில்லை. எதிரொலியால் வழியறியும் வௌவாலின் மூளையை முழுதாக அளந்தாலும், வௌவாலாக இருப்பது அதற்கு எப்படி இருக்கிறது என்பது அளவில் வராது என்று 1974இல் மெய்யியலாளர் தாமஸ் நேகல் சுட்டினார். அனுபவமே மாயை என்பாரும் உண்டு. வலிப்பதாகத் தோன்றினாலே வலிக்கிறதே! பல்வலிக்காரனிடம் போய் அதை மாயை என்று சொல்ல எனக்கு மனம் வராது.

நான் சாய்வது மூன்றாவது பக்கம். இயற்பியல் பொருளின் அமைப்பையும் உறவுகளையும் சொல்கிறது, உள்ளியல்பைச் சொல்வதில்லை என்று 1927இல் மெய்யியலாளர் பெர்ட்ரண்ட் ரஸ்ஸல் வாதிட்டார். எலெக்ட்ரானின் மின்னூட்டம் என்றால் அது எதை ஈர்க்கும், எதை விலக்கும் என்றுதான் நமக்குத் தெரியும். அப்படி நடந்துகொள்வது எது? அந்த வெற்றிடத்தில் அனுபவத்தின் மிக எளிய வித்து இருக்கலாம் என்கிறார்கள் இவ்வழி வந்த சிலர். இயற்கையை அறுக்காமலே சிவப்புக்கு இடம் கிடைக்கிறது.

இதற்கும் ஒரு முள் உண்டு. ஒரு வாக்கியத்தின் பன்னிரண்டு சொற்களைப் பன்னிரண்டு பேரிடம் ஆளுக்கொன்றாகக் கொடுத்தால், முழு வாக்கியம் யார் மனத்திலும் எழாது என்று 1890இலேயே உளவியலாளர் வில்லியம் ஜேம்ஸ் எழுதினார். சிறு உணர்வுகள் சேர்ந்து ஒரே 'நான்' ஆவது எப்படி? வலிப்பு நோய்க்காக மூளையின் இரு பாதிகளையும் இணைக்கும் நரம்புக்கற்றை வெட்டப்பட்டவர்களிடம் இருப்பது ஓர் உணர்வா, இரண்டா என்று இன்றும் ஆய்வாளர்கள் வாதிடுகிறார்கள். ஜேம்ஸின் கேள்வியை அங்கிருந்து தொடரலாம் என்று நினைக்கிறேன்.