பில்லில் ‘நேர சேவை’ என்று ஒரு வரி இருந்தால் கவனம்

மட்டக்களப்பு டவுனில் கைரேகை மெசினும் கமராவும் பூட்டித் தரும் ஒரு கடை, பில்லில் ‘நேர சேவை’ என்று ஒரு வரி சேர்க்கிறது. வருடா வருடம் கட்ட வேண்டிய காசு. செங்கலடிப் பக்கம் மாமாவின் நெல் மில்லுக்கு அவர்கள்தான் வேலை செய்தார்கள். கடைப் பெயரை எழுதப் போவதில்லை.

மெசின்களின் நேரம் பின்தங்கிக்கொண்டே போனது. லொறி வெளியே போவது கமராவில் ஒரு நேரம், தராசுச் சீட்டில் இன்னொரு நேரம். ஓ.டி. கணக்கில் மாதக் கடைசி வந்தால் வாய்த்தர்க்கம். கடையிலிருந்து வந்த தம்பி முதலில் டைம் சோன் பிழை என்றார். இலங்கை 2006 ஏப்ரலில் மறுபடி ஐந்தரை மணிக் கணக்குக்கு வந்தது, பழைய மெசின்களில் அந்தக் குழப்பம் வரலாம்தான். ஆனால் அப்படியென்றால் பிழை அரை மணி, ஒரு மணி என்று நிற்க வேண்டும். இங்கே சில நிமிடங்கள், அதுவும் கூடிக்கொண்டே போனது. அப்புறம் “உங்கட லைன் சரியில்ல ஐயா” என்று புது ரவுட்டர் ஒன்றை விற்றார்கள். அதற்கும் சரிவராததால் வந்ததுதான் நேர சேவை: ஆள் வந்து போனைப் பார்த்து நேரத்தைக் கையால் மாற்றிவிட்டுப் போவார்.

எனக்கு இடித்தது வேறொன்று. நேரம் பிழையாக இருக்கும்போதே மெசின் திரையில் ‘சிங்க் சக்சஸ்’, அதாவது நேரம் சரிபார்த்தாயிற்று, என்று வந்தது.

விஷயம் இதுதான். இணையத்தில் நேரம் சொல்லும் என்.டி.பி. சர்வரிடம் ஒரே முகவரியிலிருந்து அடிக்கடி கேட்டால் அது கட்டுப்பாடு போடும். பல சர்வர்கள் பேசாமல் பதிலை நிறுத்திவிடும். சில, ‘கிஸ் ஓ டெத்’ என்ற மறுப்புப் பெக்கட்டை (சிறு தரவுத் துண்டு) அனுப்பும்: ஸ்ட்ராட்டம் (சர்வரின் படிநிலை எண்) 0, பக்கத்தில் ‘ரேட்’ என்ற குறி. ‘குறைத்துக் கேள்’ என்று அர்த்தம். 2010-இல் வந்த, என்.டி.பி.க்கான விதி ஆவணமான ஆர்.எஃப்.சி. 5905 இதை மதிக்கச் சொல்கிறது. மில்லில் உள்ள மெசின்கள் எல்லாம் ஒரே லைனில் இருப்பதால் வெளியிலிருந்து பார்க்க ஒரே ஆள்தான்.

என் லேப்டாப்பில் என்.டி.பி.டி. என்ற நேர சர்வர் மென்பொருளைப் போட்டு, கட்டுப்பாடு போடும் ‘லிமிட்டெட்’, மறுப்புப் பெக்கட் அனுப்பும் ‘கோட்’ (KoD) என்ற அமைப்புகள் இரண்டையும் சேர்த்து எழுதி (‘கோட்’ மட்டும் எழுதினால் வேலை செய்யாது), ஒரு மெசினை அதனிடம் கேட்கவைத்தேன். இயல்பு அமைப்பில் சராசரியாக 8 நொடிக்கு ஒன்றுக்கு மேல் கேட்டால் அது மறுக்கும். என்.டி.பி. பெக்கட்டுகள் போய் வரும் யூ.டி.பி. 123 என்ற போர்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மெசின் நொடிக்கொரு தடவை கேட்டது. ‘ரேட்’ வந்தது. கொஞ்சமும் குறைக்கவில்லை. ஒப்பிட இன்னொரு லினக்ஸ் பெட்டியில் குரோனி என்ற நேரம் கேட்கும் மென்பொருளை வேண்டுமென்றே 2 நொடிக்கு ஒருமுறை கேட்கவைத்தேன். ‘ரேட்’ கிடைத்ததும் அது இடைவெளியை நீட்டிக்கொண்டது. இப்படித்தான் இருக்க வேண்டும்.

அந்த ‘சக்சஸ்’ எங்கிருந்து வருகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. என்.டி.பி.டி. அனுப்பும் மறுப்புப் பெக்கட்டில், கேட்டவர் அனுப்பிய நேரமே திருப்பி எழுதப்பட்டிருக்கும், அதை வைத்து யாரும் கடிகாரத்தைத் திருத்தக்கூடாது என்பதற்காக. மெசின் ஸ்ட்ராட்டத்தையும் பார்க்கவில்லை, குறியையும் பார்க்கவில்லை. தன் பிழையான நேரமே திரும்பி வந்ததை ‘வித்தியாசம் இல்லை, சரி’ என்று எடுத்துக்கொண்டது. உள்ளே கடிகாரப் பெட்டரியும் செத்திருந்ததால், கரண்ட் போய் வரும்போதெல்லாம் நின்ற இடத்திலிருந்தே ஓடத் தொடங்கியது. கரண்ட் இல்லாத நிமிடங்கள் அப்படியே சேர்ந்துகொண்டு போயின.

இது புது வியாதி இல்லை. 2003-இல் நெட்கியர் ரவுட்டர்கள் பதில் வராவிட்டால் நொடிக்கொரு தடவை கேட்டு, அமெரிக்காவின் விஸ்கான்சின்-மேடிசன் பல்கலைக்கழகத்தின் நேர சர்வரைத் திணறடித்தன. இத்தனை வருடம் கழித்தும் அதே குணமுள்ள சாமானை நமக்கு விற்கிறார்கள்.

பெக்கட் பதிவோடு கடைக்குப் போனேன். “அது கொம்பனி சாமான், நாங்க என்ன செய்ய?” என்றார் முதலாளி. ரவுட்டர் காசும் திரும்ப வரவில்லை, நேர சேவைக் காசும் திரும்ப வரவில்லை. விற்ற சாமானின் குறையை இவர் அறியாமல் இருந்திருக்கலாம், அதை நான் குற்றமாகச் சொல்லவில்லை. காரணம் தெரியாமலே அதற்கு வருடச் சந்தா வாங்கியதைத்தான் சொல்கிறேன்.

இப்போது மில்லில் ஒரு பழைய மினி கணினி நேர சர்வராக ஓடுகிறது. வெளியே அது மட்டும், 64 முதல் 1024 நொடி இடைவெளியில் கேட்கிறது. மெசின்கள் அதனிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கட்டும், அங்கே கட்டுப்பாடு இல்லை. பெட்டரியையும் மாற்றியாயிற்று.

வாங்கப் போகிறவர்கள் காசு கொடுக்கும் முன் கடையிலேயே மூன்று விஷயம் செய்யச் சொல்லுங்கள். நேர சர்வர் முகவரியை நாமே எழுத இடம் இருக்கிறதா, எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை கேட்கும் என்று மாற்ற முடியுமா என்று காட்டட்டும். அப்புறம் நேரத்தைப் பத்து நிமிடம் பிழையாக வைத்து, பிளக்கைக் கழற்றி மாட்டி, ‘சக்சஸ்’ வந்த பிறகு மணியைப் பாருங்கள். முகவரி எழுத இடமே இல்லையென்றால் அந்தப் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள்.