டெபியனுக்கு ஏற்ற லேப்டாப்: திங்க்பேட் டி480 பயன்பாட்டு அனுபவம்

லினக்ஸுக்கு எந்த லேப்டாப் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம், உள்ளே என்ன வைஃபை சிப், என்ன கிராபிக்ஸ் என்றுதான் முதலில் கேட்பேன். மேலே ஒட்டியிருக்கும் பெயரெல்லாம் அப்புறம். என்னுடைய முந்தைய லேப்டாப்பில் கெர்னல் (லினக்ஸின் மையப் பகுதி) மாறும்போதெல்லாம் வைஃபை செத்துவிடும். போன் வழியாக நெட் எடுத்து, வைஃபையை இயக்கும் மென்பொருளான டிரைவரை மறுபடி கம்பைல் செய்தால்தான் உயிர் வரும்.

இப்போது சில ஆண்டுகளாக டெபியன் என்ற லினக்ஸ் வகையை ஓட்டுவது 2018 மாடல் திங்க்பேட் டி480. சென்னை ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக வாங்கியது. காசு கொடுக்குமுன் கடையிலேயே, நிறுவாமலே லினக்ஸை ஓட்டும் லைவ் பென் டிரைவைச் செருகி பூட் செய்து பார்த்தேன். வைஃபை, ஒலி, கேமரா, மூடித் திறந்தால் ஒழுங்காக விழிக்கிறதா, இவ்வளவு போதும். இதற்குச் சம்மதிக்காத கடையில் வாங்காதீர்கள்.

இதில் என்விடியா எம்எக்ஸ்150 கிராபிக்ஸ் சிப் வைத்த வகையும் உண்டு. நான் வேண்டுமென்றே இன்டெல் கிராபிக்ஸ் மட்டும் உள்ளதை எடுத்தேன். இன்டெல் டிரைவர் கெர்னலோடே வருகிறது, தனியாக எதையும் நிறுவ வேண்டாம். என்விடியா 2022இல் கெர்னல் டிரைவரின் மூலநிரலை வெளியிட்டுத் திறமூலமாக்கியது உண்மைதான். ஆனால் அது டூரிங் தலைமுறைக்கும் அதற்குப் பிந்தைய சிப்புகளுக்கும்தான். எம்எக்ஸ்150 அதற்கும் முந்தையது.

வைஃபையும் இன்டெல்தான். டிரைவர் திறமூலம், சிப்பில் ஏறும் ஃபர்ம்வேர் என்ற உள் மென்பொருள் மட்டும் மூலநிரல் வெளியிடப்படாத மூடியது. 2023இல் வந்த டெபியன் 12 முதல் அது இன்ஸ்டாலரிலேயே இருப்பதால் தேடி அலைய வேண்டியதில்லை. அந்த மூடிய துண்டும் கூடாது என்பவர்கள் அது தேவைப்படாத, ஏடிஎச்9கே என்ற டிரைவரில் ஓடும் பழைய ஏதெராஸ் கார்டுகளைப் பார்க்கலாம். வேகம் 802.11என் என்ற பழைய வைஃபை தரத்தின் அளவோடு நின்றுவிடும். எனக்கு அவ்வளவு வைராக்கியம் இல்லை.

எனக்கு மிகவும் பிடித்தது பேட்டரி ஏற்பாடு. உள்ளே ஒன்று, பின்பக்கம் ஒன்று. கரண்ட் போனால், மெஷினை அணைக்காமலே பின்பக்கத்ததைக் கழற்றி வேறொன்றை மாட்டிவிடலாம். டிஎல்பி என்ற பேட்டரி மேலாண்மைக் கருவியில் சார்ஜ் வரம்பை 80 சதவீதம் என்று வைத்திருக்கிறேன். நாள் முழுக்கச் செருகியே இருந்தாலும் அதற்கு மேல் ஏறாது. பயாஸ் (கணினியைத் தொடக்கும் உள் மென்பொருள்) அப்டேட்டும் எஃப்டபிள்யூஅப்டி என்ற லினக்ஸ் கருவி வழியாக வந்துவிடுகிறது, விண்டோஸ் தேவையே இல்லை. கைரேகை உணரிகளை லினக்ஸில் இயக்கும் லிப்எஃப்பிரிண்ட் மென்பொருளின் ஆதரவுப் பட்டியலில் இதன் உணரி இல்லை. சரி, பாஸ்வேர்டு தட்டிக்கொள்கிறேன்.

வாங்கப் போகிறவர்கள் பெயரின் கடைசி எழுத்தைக் கவனியுங்கள். டி480இல் இரண்டு ரேம் ஸ்லாட். டி480எஸ்ஸில் ஒன்றுதான், மீதி ரேம் போர்டிலேயே பற்றவைத்தது.