60 பவுண்டு கட்டிவிடலாமா, மேல்முறையீடு செய்யலாமா? பிரிட்டனின் தனியார் பார்க்கிங் நோட்டீஸ்

சூப்பர்மார்க்கெட் கார் பார்க்கில் அனுமதித்த நேரத்தைத் தாண்டி வண்டி நின்றதாக வீட்டுக்கு ஒரு கடிதம் வருகிறது. 100 பவுண்டு கட்டு, 14 நாளுக்குள் கட்டினால் 60 போதும் என்கிறது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் இதற்கு நான்கு வழி உண்டு. தள்ளுபடியில் கட்டிவிடலாம், கண்டுகொள்ளாமல் விடலாம், மேல்முறையீடு செய்யலாம், வழக்கு வரட்டும் என்று காத்திருந்து கோர்ட்டில் எதிர்க்கலாம். என் சாய்வு மூன்றாவது பக்கம். அது பலிக்காவிட்டால் நான்காவது. இரண்டாவது மட்டும் எப்போதும் தவறு.

முதலில் கடிதத்தை அனுப்பியது யார் என்று பாருங்கள். உள்ளாட்சி கவுன்சிலும் பிசிஎன் என்றுதான் போடும், தனியார் நிறுவனமும் பிசிஎன் என்றுதான் போடும். கவுன்சிலுடையதை விரித்தால் 'பெனால்டி சார்ஜ் நோட்டீஸ்', சட்டப்படியான அபராதம். தனியாருடையது 'பார்க்கிங் சார்ஜ் நோட்டீஸ்', ஒப்பந்தத்தை மீறியதற்காக அனுப்பும் பில், அவ்வளவுதான். இங்கே சொல்லும் எதையும் கவுன்சில் நோட்டீஸுக்குப் பயன்படுத்தக் கூடாது.

கண்டுகொள்ளாமல் விடுவது ஒரு காலத்தில் நல்ல யோசனையாக இருந்தது. 2012 அக்டோபர் 1 முதல் அப்படி இல்லை. 'புரொடெக்‌ஷன் ஆஃப் ஃப்ரீடம்ஸ்' சட்டத்தின் நான்காம் அட்டவணை அன்று நடைமுறைக்கு வந்தது. ஓட்டியது யார் என்று தெரியாவிட்டாலும், வாகனப் பதிவு அமைப்பான டிவிஎல்ஏவின் பதிவில் வண்டி யார் பேரில் உள்ளதோ அந்தக் 'கீப்பரிடமே' பணம் கேட்க அது வழி செய்தது. 2015இல் செம்ஸ்ஃபோர்டு கார் பார்க் வழக்கில் உச்ச நீதிமன்றம் இன்னொரு கதவையும் சாத்தியது. இரண்டு மணி நேர இலவச நிறுத்தத்தில் 56 நிமிடம் கூடுதலாக நின்றதற்கு 85 பவுண்டு கேட்டது நியாயம்தான் என்று அது தீர்ப்பளித்தது. 'நஷ்டமே இல்லாமல் இவ்வளவு பணமா' என்ற வாதம் அதோடு முடிந்தது. இன்றைக்கும் பலர் மேல்முறையீட்டில் அதையே எழுதித் தோற்கிறார்கள்.

மேல்முறையீட்டுக்கு முன்னால் ஒரு சிறு வேலை இருக்கிறது. கடையில் பொருள் வாங்கிய ரசீதோ வங்கிக் கணக்கு வரியோ இருந்தால் கடை மேலாளருக்கோ இடத்தை நிர்வகிக்கும் நிறுவனத்துக்கோ எழுதி, நோட்டீஸை ரத்து செய்யச் சொல்லிக் கேளுங்கள். நிலத்தின் சொந்தக்காரர் ஒரு வார்த்தை சொன்னால் ஆபரேட்டர், அதாவது நோட்டீஸ் அனுப்பிய பார்க்கிங் நிறுவனம், விட்டுவிடுவார். வழிகளிலேயே மிக விரைவானது இதுதான். அதற்காக மேல்முறையீட்டுக் கெடுவைத் தவறவிட்டுவிடக் கூடாது.

இப்போது எல்லாவற்றையும் தீர்மானிக்கும் விஷயத்துக்கு வருவோம். வண்டியை ஓட்டியது யார் என்பதைச் சொல்லாதீர்கள்.

தனியார் நோட்டீஸில் பொறுப்பு முதலில் ஓட்டியவருடையது. அந்தப் பொறுப்பைக் கீப்பர் தலையில் வைக்க வேண்டுமானால் ஆபரேட்டர் நான்காம் அட்டவணை கேட்கும் எல்லாவற்றையும் பிசகாமல் செய்திருக்க வேண்டும். ஒன்று தவறினாலும் கீப்பரிடம் கேட்கும் உரிமை போய்விடும். ஓட்டியவரிடம் கேட்கும் உரிமை மட்டும் மிஞ்சும். ஓட்டியவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. தனியார் நோட்டீஸ் விஷயத்தில் கீப்பர் அதைச் சொல்ல வேண்டும் என்ற சட்டக் கடமையும் இல்லை. கணவர் பேரில் வண்டி, ஓட்டுவது மனைவியோ மகனோ, கடிதத்துக்குப் பதில் எழுதுவது மகள் என்று இருக்கும் நம் வீடுகளில் இந்தப் பாதுகாப்பு பெரும்பாலும் முதல் வரியிலேயே பறிபோகிறது. 'நான் நிறுத்திவிட்டு உள்ளே போனேன், வரிசை நீளமாக இருந்தது' என்று எழுதியதும் அட்டவணை முழுவதும் பயனற்றுப் போகிறது. 'ஓட்டுநர் நிறுத்தினார்', 'வண்டி நின்றது' என்றே எழுதுங்கள். ஆபரேட்டரின் இணையப் படிவத்தில் நீங்கள் யார் என்று கேட்கும் பெட்டியில் 'கீப்பர்' என்பதையே தேர்ந்தெடுங்கள். தொலைபேசியில் பேசவே வேண்டாம். அதற்காகப் பொய்யும் சொல்லக் கூடாது. சொல்லாமல் இருப்பது உரிமை. ஓட்டியவரே 'நான் ஓட்டவில்லை' என்று கையெழுத்துப் போட்டால் கோர்ட்டில் அது வேறு குற்றமாகிவிடும்.

அடுத்தது நாள் கணக்கு. வாசலில் உள்ள கேமரா எண்ணைப் படித்து அனுப்பும் நோட்டீஸ் என்றால், வண்டி நின்ற நாளுக்கு மறுநாள் தொடங்கி 14 நாளுக்குள் கீப்பர் கையில் சேர்ந்திருக்க வேண்டும். அந்த நாளுக்குள் அனுப்பிவிட்டால் போதாது. தபாலில் போட்டது இரண்டாவது வேலை நாளில் சேர்ந்ததாகச் சட்டம் எடுத்துக்கொள்கிறது. சனி, ஞாயிறு, பொது விடுமுறை கணக்கில் வராது. ஓர் உதாரணம். வண்டி நின்றது 2025 மார்ச் 1, சனிக்கிழமை. கடைசி நாள் மார்ச் 15. கடிதத்தில் மார்ச் 13, வியாழன் என்று தேதி இருக்கிறது. பார்த்தால் கெடுவுக்குள் வந்தது போலத்தான் தெரியும். ஆனால் வெள்ளி முதல் வேலை நாள், திங்கள் இரண்டாவது. ஆகவே அது சேர்ந்தது மார்ச் 17. இரண்டு நாள் தாமதம், கீப்பருக்குப் பொறுப்பு இல்லை. கடிதத்தில் இருக்கும் தேதியும் தபாலில் சேர்த்த தேதியும் ஒன்றாகவே இருக்க வேண்டியதில்லை என்பதால், இழுபறியான கணக்கு என்றால் தபாலில் சேர்த்த ஆதாரத்தைக் கேளுங்கள்.

கண்ணாடியில் டிக்கெட் ஒட்டியிருந்தால் கணக்கு வேறு. அப்போது கீப்பருக்கான நோட்டீஸ் தனியாக, டிக்கெட் கொடுத்த நாளுக்கு அடுத்த 28 நாள் கழிந்த பிறகு, அதற்கடுத்த 28 நாளுக்குள் வந்து சேர வேண்டும். இங்கே பல ஆபரேட்டர்கள் சறுக்குகிறார்கள். கீப்பர் தானாகவே எழுதி முகவரியைக் கொடுத்துவிட்டதால் அந்த நோட்டீஸ் தேவையில்லை என்று நினைத்து அனுப்பாமல் விட்டுவிடுகிறார்கள். ஆகவே ஒட்டிய டிக்கெட்டுக்கு 26ஆம் நாள் வாக்கில் மேல்முறையீடு செய்வது என் பரிந்துரை. 60 பவுண்டு மட்டும் கட்டும் சலுகை அதில் போய்விடும், தெரிந்தே செய்ய வேண்டும். தபாலில் வந்த நோட்டீஸுக்கு முதல் 14 நாளுக்குள்ளேயே எழுதிவிடுங்கள். நிராகரித்தாலும் தள்ளுபடியை மறுபடி தருவதுதான் வழக்கம்.

நேரம் சரியாக இருந்தாலும் வாசகத்தைப் படியுங்கள். எவ்வளவு நேரம் நின்றது என்பதை நோட்டீஸ் குறிப்பிட வேண்டும். கேமரா காட்டுவது உள்ளே வந்த நேரமும் வெளியே போன நேரமும்தான். நிறுத்தியிருந்த நேரம் அதைவிடக் குறைவு. கீப்பரை அழைத்து, பணம் கட்டவோ ஓட்டியவர் பெயரைத் தரவோ கேட்கும் வாசகமும் 28 நாள் கழிந்தால் கீப்பரிடமே பணம் கேட்போம் என்ற எச்சரிக்கையும் இருக்க வேண்டும். இந்த அட்டவணையைச் சில ஆபரேட்டர்கள் பயன்படுத்துவதே இல்லை. 'ஓட்டியவர் நீங்கள்தான் என்று கருதுகிறோம்' என்று மட்டும் எழுதுவார்கள். பைலா, அதாவது அந்த இடத்துக்கென்றே உள்ள சட்டபூர்வ விதிகள், நடைமுறையில் உள்ள ரயில் நிலையங்கள், விமான நிலையங்கள் இந்த அட்டவணைக்குள்ளேயே வராத நிலம். அங்கே கீப்பராக நிற்பது மிக உறுதியான தரப்பு.

மற்ற காரணங்களைச் சுருக்கமாகவே சொல்லலாம். 2024 அக்டோபர் முதல் பார்க்கிங் நிறுவனங்களின் இரண்டு சங்கங்களான பிபிஏ, ஐபிசி இரண்டுக்கும் பொதுவான நடத்தை விதி இருக்கிறது. அனுமதித்த நேரம் முடிந்த பிறகு 10 நிமிட அவகாசம் தர வேண்டும். பணம் கட்டி, பதிவெண்ணில் ஓர் எழுத்து மாறியிருந்தால் மேல்முறையீட்டில் ரத்து செய்ய வேண்டும். முழுக்க வேறு எண்ணைப் போட்டிருந்தாலும், 14 நாளுக்குள் கட்டினால் 20 பவுண்டு போதும் என்று குறைக்க வேண்டும். பலகை இருட்டில் படிக்க முடியாததாக இருந்தால் அதே நேரத்தில் போய்ப் படம் எடுங்கள். பகலில் எடுத்த படம் ஆபரேட்டருக்குத்தான் உதவும்.

ஆபரேட்டர் முதல் மேல்முறையீட்டை நிராகரிப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு எங்கே போவது என்பதை நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. பிபிஏ சங்கத்தில் உள்ள ஆபரேட்டர் என்றால் பொப்லா, ஐபிசி சங்கத்தில் உள்ளவர் என்றால் ஐஏஎஸ். இரண்டும் ஆபரேட்டரின் முடிவை மறுபடி பார்க்கும் மேல்முறையீட்டு அமைப்புகள். பொப்லா என்றால் தயங்காமல் போங்கள். உங்களுக்குச் செலவு இல்லை, ஒவ்வொரு வழக்குக்கும் ஆபரேட்டர் பணம் கட்ட வேண்டும். அதனாலேயே விவரமான மேல்முறையீட்டைப் பார்த்ததும் சிலர் பின்வாங்கிவிடுகிறார்கள். நீங்கள் ஜெயித்தால் அவரைக் கட்டுப்படுத்தும், தோற்றால் உங்களைக் கட்டுப்படுத்தாது. கீப்பர் பொறுப்பு, பலகை, நில உரிமையாளரோடு உள்ள ஒப்பந்தம் மூன்றையும் தனித்தனித் தலைப்பில் எழுதி பிடிஎஃப் ஆக ஏற்றுங்கள். ஒப்பந்தத்தைக் கேட்பது வெறும் சடங்கு அல்ல. கையெழுத்து மறைத்த, தேதி முடிந்த நகல்கள் வருவதுண்டு. ஆபரேட்டரின் ஆதாரங்கள் வந்ததும் பதில் சொல்ல 7 நாள்தான் கிடைக்கும். அந்த மின்னஞ்சலைத் தவறவிடாதீர்கள்.

ஐஏஎஸ் விஷயத்தில் எனக்கு அந்த உற்சாகம் இல்லை. பணம் கட்டிய ரசீது போலக் கையில் தெளிவான ஆவணம் இருந்தால் முயலலாம். சட்ட நுணுக்கத்தை மட்டும் நம்பியிருந்தால் அதைக் கோர்ட்டுக்கு வைத்துக்கொள்வது மேல் என்பது என் கருத்து.

அதன் பிறகு கடன் வசூல் நிறுவனங்களின் கடிதங்கள் வரும். 100 பவுண்டு 170 ஆகியிருக்கும். அவர்கள் பெய்லிஃப், அதாவது ஜப்தி செய்யும் அதிகாரிகள், அல்ல, வீட்டுக்கு வந்து எதையும் எடுக்க முடியாது. அந்தக் கடிதங்களுக்குப் பதில் வேண்டாம், கோப்பில் மட்டும் வையுங்கள். வழக்குப் போடப்போவதாக எச்சரிக்கும் 'லெட்டர் பிஃபோர் கிளெய்ம்' வந்தால் கதை வேறு. 30 நாளுக்குள் பதில் எழுதியாக வேண்டும். பிறகு கோர்ட் படிவம் வந்தால், அதில் உள்ள வெளியீட்டுத் தேதியிலிருந்து 19 நாளுக்குள் 'பெற்றுக்கொண்டேன்' என்ற பதிவைச் செய்யுங்கள். அப்போது எதிர்வாதப் பெட்டியில் எதையும் எழுதாதீர்கள். அதில் ஒரு வரி எழுதினாலும் அதுவே உங்கள் முழு எதிர்வாதமாகிவிடும். அந்தப் பதிவு எதிர்வாதத்துக்கான கெடுவை 33 நாளாக நீட்டிக்கிறது. 2024 மே முதல் தொலைபேசி சமரசப் பேச்சில் கலந்துகொள்வது கட்டாயம், ஆனால் பேரத்துக்கு ஒப்புக்கொள்வது கட்டாயமில்லை. விசாரணைக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் நெருங்கும்போது வழக்கைத் திரும்பப் பெறும் நிறுவனங்கள் உண்டு. அதை மட்டும் நம்பி இறங்கக் கூடாது. நீதிபதிக்கு நீதிபதி பார்வை மாறும்.

தோற்றால் எவ்வளவு? மூலத் தொகை 100, வழக்குக் கட்டணம் 35, வழக்கறிஞருக்கான நிலைத்தொகை 50, விசாரணைக் கட்டணம் 27. ஆக 212 பவுண்டு, வட்டி தனி. அந்தக் கூடுதல் 70 பவுண்டைச் சில நீதிபதிகள் சேர்ப்பார்கள், சிலர் வெட்டிவிடுவார்கள். தீர்ப்பு வந்து ஒரு மாதத்துக்குள் கட்டிவிட்டால் சிசிஜே, அதாவது உங்கள் மேல் வந்த கோர்ட் தீர்ப்பு, பதிவிலிருந்து நீங்கிவிடும். கட்டாமல் விட்டால் ஆறு ஆண்டு நிற்கும், வீட்டுக் கடன் கேட்கும்போது முன்னால் வந்து நிற்கும்.

60 பவுண்டைக் கட்டிவிடுவதே சரி என்ற நேரமும் உண்டு. ஓட்டியவர் யார் என்று ஏற்கெனவே எழுதிக்கொடுத்துவிட்டீர்கள், பலகை பளிச்சென்று இருக்கிறது, கூடுதல் நேரம் அரை மணிக்கு மேல், கடையும் கைவிரித்துவிட்டது என்றால் கட்டுங்கள். கோர்ட் தேதிக்காக மாதக்கணக்கில் காத்திருக்க மனமில்லாதவர்கள் கட்டினாலும் நான் குறை சொல்ல மாட்டேன்.

வாடகைக் கார் எடுத்தவர்களுக்கு ஒரு வார்த்தை. வாடகை நிறுவனம் உங்கள் பெயரைக் கொடுத்த பிறகு ஆபரேட்டர் உங்களுக்கு அனுப்பும் நோட்டீஸோடு வாடகை ஒப்பந்தத்தின் நகலும், பொறுப்பேற்ற கையெழுத்துத் தாளின் நகலும் இணைந்திருக்க வேண்டும். பெரும்பாலும் இணைப்பதில்லை. உறையில் என்ன இருந்தது என்பதைப் பிரித்த அன்றே படம் எடுத்து வையுங்கள். அதுவே முழு மேல்முறையீடு. ஆனால் வாடகை நிறுவனம் உங்கள் அட்டையில் பிடிக்கும் நிர்வாகக் கட்டணம் தனி, அதை ஆபரேட்டரிடம் கேட்க முடியாது.

ஸ்காட்லாந்துக்கும் வடக்கு அயர்லாந்துக்கும் இந்த நான்காம் அட்டவணை கிடையாது. அங்கிருந்து வந்த நோட்டீஸுக்கு இங்குள்ள நாள் கணக்கை எழுதி அனுப்பாதீர்கள்.

வீடு மாறியவர்கள் வண்டியின் பதிவுச் சான்றான வி5சியில் முகவரியை உடனே மாற்றுங்கள். நோட்டீஸ் வந்த பிறகு மாறினால் ஆபரேட்டருக்கும் புதிய முகவரியை எழுத்தில் தெரிவித்து, அனுப்பிய ஆதாரத்தை வையுங்கள். கோர்ட் படிவம் பழைய வீட்டுக்குப் போய், பதில் இல்லாததால் தீர்ப்பு ஆகிவிட்டால், அதை நீக்கக் கேட்கும் விண்ணப்பத்துக்கு மட்டும் 300 பவுண்டுக்கு மேல் ஆகும்.