தசைச் சோதனை அமர்வு: காசுக்கு ஏற்ற சேவையா?

1964இல் அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்தில் கைரோபிராக்டர் (முதுகெலும்பைக் கையால் சரிசெய்யும் மாற்றுச் சிகிச்சையாளர்) ஜார்ஜ் குட்ஹார்ட் தொடங்கிய தசைச் சோதனை முறையான அப்ளைடு கினீசியாலஜியில், கையைத் தோள் மட்டத்துக்கு நீட்டச் சொல்லி, மணிக்கட்டுக்குச் சற்று மேலே அழுத்துவார்கள். மறு கையில் சர்க்கரையோ வைட்டமின் குப்பியோ கொடுத்து மறுபடி அழுத்துவார்கள். கை இறங்கினால் "உடம்பு ஏற்கவில்லை" என்று தீர்ப்பு.

கோளாறு அழுத்தத்தில்தான். விரல்கள் முழங்கைப் பக்கமிருந்து மணிக்கட்டை நோக்கி நகர்ந்தால், அதே விசைக்குத் தோளில் கையை இறக்கும் திருப்பு விசை கூடும். சட்டென்று அழுத்தினாலும் கை இறங்கும். முதல் சுற்றிலேயே தசை களைத்திருந்தாலும் இறங்கும். குப்பியில் இருப்பது தெரிந்திருந்தால், எதிர்பார்ப்பே இருவர் விசையையும் அறியாமல் மாற்றிவிடும். நரம்பியல் மருத்துவரும் தசையை அழுத்தி 0 முதல் 5 வரை மதிப்பிடுகிறார். ஆனால் அது நரம்பு, தசை வலுவை மட்டுமே காட்டும். கல்லீரலைப் பற்றியோ கோதுமையைப் பற்றியோ அது பேசாது.

அமர்வில் பொறுமையாகக் காது கொடுத்துக் கேட்கிறார்கள், அது உண்மையிலேயே நல்லது. முடிவில் சத்து மாத்திரைகளை நீட்டினால் வாங்காதீர்கள். முதலில் ஒரே மாதிரியான, உள்ளே தெரியாத இரண்டு குப்பிகளை, ஒன்றில் அந்த மாத்திரையும் மற்றதில் வெற்று மாத்திரையுமாக, மூன்றாம் ஆள் நிரப்பட்டும். எது எது என்று அறைக்குள் யாருக்கும் தெரியக்கூடாது. எந்தக் குப்பி என்று கை இறங்குவதை வைத்துச் சொல்லச் சொல்லி 10 முறை சோதியுங்கள். குருட்டாம்போக்கிலேயே சராசரியாக 5 முறை சரியாக வரும். 9க்குக் குறைந்தால் நம்பாதீர்கள்.

ஒவ்வாமைச் சந்தேகத்துக்கு இங்கே போகவே வேண்டாம். தோல் குத்துச் சோதனையோ ஐஜிஇ (ஒவ்வாமையோடு தொடர்புள்ள எதிர்ப்புப் புரதம்) ரத்தப் பரிசோதனையோ மருத்துவரிடம் செய்துகொள்ளுங்கள். குழந்தைக்குப் பாலையும் முட்டையையும் இந்தக் கையழுத்தலை நம்பி நிறுத்துவது ஆபத்து.