பரங்கிக்காய் பீர்: காயை எந்தக் கட்டத்தில் சேர்ப்பது?

பரங்கிக்காய் பீரில் பரங்கியின் பங்கு சொற்பம். 20 லிட்டர் பீருக்கு 2 கிலோ விழுது சேர்க்கிறோம் என்று வைத்துக்கொண்டால், அதில் ஏறத்தாழ 90 விழுக்காடு தண்ணீர்தான். மிச்சத்தில் ஈஸ்ட் தின்னக்கூடிய சர்க்கரையும், சர்க்கரையாக மாற்றக்கூடிய மாவுச்சத்தும் சேர்ந்து 100 கிராமை ஒட்டித்தான் தேறும். அடர்த்தியை அளக்கும் ஹைட்ரோமீட்டரில் இது இரண்டே புள்ளி: 1.053 காட்ட வேண்டிய வோர்ட் (நொதிக்கும் முன் உள்ள இனிப்புச் சாறு) 1.055 காட்டும்.

சுவையிலும் இதே கதைதான். காயின் வாசம் மெலிது. மால்ட்டுக்கும் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஹாப்ஸுக்கும் (பீருக்குக் கசப்பும் வாசமும் தரும் பூ) நடுவே அமுங்கிப்போகும். குடிப்பவர்கள் 'பரங்கி' என்று கண்டுகொள்வது பெரும்பாலும் பட்டையையும் ஜாதிக்காயையும்தான். 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்கக் குடியேற்றங்களில் மால்ட் கிடைக்காத இடங்களில் பரங்கிச் சாற்றைக் காய்ச்சி நொதிக்க வைத்தார்கள். அங்கே காய் சர்க்கரைக்காகப் போனது. 1980களில் கலிபோர்னியாவின் ஹேவர்டில் பஃபலோ பில்ஸ் பீர் ஆலை இந்த வகைக்கு மறுவாழ்வு கொடுத்தபோது, அதற்கு முகவரி தந்தது மசாலா.

அப்படியானால் காய் எதற்கு? நாவில் தங்கும் வழவழப்பு, லேசான ஆரஞ்சு நிறம், சுட்ட காயின் அடக்கமான இனிப்பு. இந்த மூன்றும் கிடைக்குமா என்பது காயை எந்தக் கட்டத்தில் சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. வழிகள் மூன்று: மால்ட்டை வெந்நீரில் ஊறவைக்கும் மாஷில் சேர்ப்பது, வடித்த வோர்ட்டின் கொதியில் சேர்ப்பது, ஈஸ்ட் வேலை செய்யும் நொதிகலனில் சேர்ப்பது. காயே இல்லாமல் மசாலாவை மட்டும் நம்புகிறவர்களும் உண்டு.

ஒப்பிடுவதற்கு எல்லா வழிக்கும் ஒரே அடிப்படைக் குறிப்பு. 20 லிட்டருக்கு பேல் மால்ட் 4 கிலோ, மியூனிக் மால்ட் 600 கிராம், நடுத்தர நிற கிரிஸ்டல் மால்ட் 300 கிராம். 12 விழுக்காடு ஆல்ஃபா அமிலமுள்ள (கசப்பைத் தருவது இதுதான்) மேக்னம் ஹாப்ஸ் 12 கிராம், 60 நிமிடக் கொதி. கசப்பு 18 ஐபியு (பீரின் கசப்பை அளக்கும் அலகு) அளவில் நிற்கும். அதற்கு மேல் கசப்பு ஏறினால் மசாலாவோடு மோதும். ஈஸ்ட்டுக்கு யுஎஸ்-05 போன்ற, தன் வாசத்தைக் காட்டாத வகை ஒரு பாக்கெட், 18 முதல் 19 டிகிரியில். கோதுமை பீருக்கான ஈஸ்ட் தானாகவே கிராம்பு வாசம் கிளப்பும்; அதன் மேல் கிராம்பும் போட்டால் பல் மருத்துவரின் அறை நினைவுக்கு வரும்.

முதலில் காய்

முகம் செதுக்கி விளக்கு வைக்கும் பெரிய பூசணி வேண்டாம். அது நாரும் நீரும்தான். சதை கெட்டியான சிறிய வகைகள், பட்டர்நட், கபோச்சா ஆகியவற்றில் சர்க்கரை கூடுதல். டப்பா விழுது வாங்குவதில் தவறில்லை. தரம் ஒரே சீராக இருக்கும், உழைப்பும் மிச்சம். ஆனால் சீட்டைப் படியுங்கள். 'பை ஃபில்லிங்' என்று இருந்தால் சர்க்கரையும் மசாலாவும் ஏற்கெனவே கலந்திருக்கும். பொட்டாசியம் சார்பேட், சோடியம் பென்சோயேட் இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். அவை ஈஸ்ட்டை முடக்கும்.

புதிதாகவோ டப்பாவிலோ, எதுவானாலும் சுடவேண்டும். காயை இரண்டாகப் பிளந்து, விதை நீக்கி, வெட்டிய பக்கம் கீழாக வைத்து 180 டிகிரி ஓவனில் ஒரு மணி நேரம். டப்பா விழுதைத் தட்டில் 2 சென்டிமீட்டர் கனத்துக்குப் பரப்பி, ஓரங்கள் பழுப்பாகும் வரை 40 நிமிடம் போல. இதனால் மூன்று லாபம்: மாவுச்சத்து வெந்து மால்ட்டின் நொதிகளுக்கு (என்சைம்களுக்கு) எட்டும்படி ஆகிறது, நீர் வற்றுகிறது, பச்சை வாடை போய்ச் சுட்ட இனிப்பு வருகிறது. பச்சைக் காயைத் துருவி அப்படியே போடுவது பற்றிப் பேசவே தேவையில்லை.

மாஷில் சேர்ப்பது

காயில் உள்ள மாவுச்சத்தைச் சர்க்கரையாக்கும் நொதிகள் மால்ட்டில்தான் இருக்கின்றன, அவை உயிரோடு இருப்பது மாஷில் மட்டும்தான். மற்ற இரண்டு வழிகளை இது வெல்வதற்கு அடிப்படைக் காரணம் இதுவே. 67 டிகிரியில் 60 நிமிடம் வைத்தால் பேல் மால்ட்டின் நொதிகள் 2 கிலோ விழுதை எளிதாகச் சமாளிக்கும். மாவுச்சத்து மாறிவிடுவதால் பீர் ஓரளவு தெளியும், மிச்சமிருக்கும் சதை தானியச் சக்கையோடு வெளியேறிவிடும்.

கெடுவது இரண்டு இடங்களில். முதலாவது வெப்பம். 13 லிட்டர் தண்ணீரும் ஏறத்தாழ 5 கிலோ மால்ட்டும் 67 டிகிரியில் இருக்கும்போது, அறை வெப்பத்தில் இருக்கும் 2 கிலோ விழுதைக் கொட்டினால் மாஷ் 62 டிகிரிக்கு இறங்கிவிடும். அந்த வெப்பத்தில் வரும் பீர் வறண்டு மெலிந்திருக்கும். எந்த வழவழப்புக்காகக் காயைப் போட்டோமோ அது போய்விடும். விழுதை 70 டிகிரிக்குச் சூடாக்கி, மால்ட்டோடு சேர்த்தே கலக்குங்கள். விழுதில் தண்ணீர் இருப்பதால் மாஷ் தண்ணீரில் ஒன்று முதல் ஒன்றரை லிட்டரைக் குறைத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, வடிகால் அடைப்பு. நைந்த சதை தானியப் படுகையின் இடுக்குகளில் அப்பிக்கொள்ளும். குழாயைத் திறந்தால் சொட்டுச் சொட்டாக வரும். இதற்கு மருந்து உமி. 250 முதல் 400 கிராம் உமியைக் கழுவி, ஊறவைத்து, மால்ட்டோடு கலந்துவிட வேண்டும். குழாயை ஆரம்பத்தில் கால்வாசிதான் திறக்கலாம். அவசரப்பட்டு முழுக்கத் திறந்தால் படுகை இறுகிவிடும். இறுகிவிட்டால் வடிப்பதை நிறுத்தி, 75 டிகிரி தண்ணீர் இரண்டு லிட்டர் ஊற்றி, படுகையைக் கிளறி, பத்து நிமிடம் படியவிட்டு மறுபடி தொடங்குங்கள். துணிப்பையில் மாஷ் செய்பவர்களுக்கு இந்தத் தலைவலி குறைவு. பையைத் தூக்கிப் பிழிந்தால் முடிந்தது. கொஞ்சம் கலங்கல் கூடும், அவ்வளவுதான்.

மால்ட் எக்ஸ்ட்ராக்டில் (ஏற்கெனவே மாஷ் செய்து வற்றவைத்த சாறு) வடிப்பவர்கள் ஒன்று கவனிக்க வேண்டும். எக்ஸ்ட்ராக்டில் நொதி கிடையாது, கிரிஸ்டல் மால்ட்டிலும் கிடையாது. வெந்நீரில் காயை ஊறவைப்பதால் மாவுச்சத்து மாறாது. ஒரு கிலோ பேல் மால்ட்டையும் ஒரு கிலோ சுட்ட விழுதையும் பையில் கட்டி, 4 லிட்டர் தண்ணீரில் 67 டிகிரியில் ஒரு மணி நேரம் வைத்துச் சிறு மாஷாகச் செய்துகொள்ளலாம். மாறிவிட்டதா என்று பார்க்க, தெளிந்த நீரை மட்டும் ஒரு சொட்டு வெள்ளைத் தட்டில் எடுத்து அயோடின் விடுங்கள். கருநீலம் காட்டினால் இன்னும் நேரம் கொடுக்க வேண்டும். சோதித்த சொட்டைத் திரும்பப் பாத்திரத்தில் ஊற்றிவிடாதீர்கள்.

கொதியில் சேர்ப்பது

செய்வதற்கு மிக எளிது, அதனால்தான் பலர் இதைத் தேர்கிறார்கள். சூடான வோர்ட்டில் காய் நேரடியாகக் கிடப்பதால் வாசம் ஒரு படி கூடுதலாக இறங்கும் என்பது இதன் ஆதரவாளர்களின் வாதம். ஏதோ கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் கொடுக்கும் விலை அதிகம். கொதியில் நொதி இல்லை. மாவுச்சத்து மாறாமலே பீருக்குள் போகும். காயின் பசைப்பொருளான பெக்டினும் கரைந்து, என்ன செய்தாலும் தெளியாத மூட்டம் தங்கிவிடும். விழுது அடியில் படிந்து, மின்சூடேற்றிக் கம்பியிலோ நெருப்புக்கு நேர் மேலேயோ கருகும். கருகல் வாசத்தை நீக்க வழியே இல்லை. கடைசியில் பாத்திரத்தின் அடியில் இரண்டு மூன்று லிட்டர் வோர்ட் கூழோடு கூழாக மாட்டிக்கொள்ளும். 23 லிட்டருக்குத் திட்டமிட்டால்தான் 20 லிட்டர் கைக்கு வரும்.

இதையே செய்வதென்றால் விழுதுக்குப் பதில் 3 சென்டிமீட்டர் துண்டுகளைச் சுட்டுத் துணிப்பையில் கட்டி, கடைசி 20 நிமிடம் மட்டும் தொங்கவிடுங்கள். முக்கால்வாசி இழப்பு தவிரும்.

நொதிகலனில் சேர்ப்பது

காய்ச் சுவை அதிகம் கிடைப்பது இதில்தான், மறுக்க முடியாது. ஆனால் கிடைப்பது சுட்ட பரங்கியின் இனிப்பா, காய்கறிக் குழம்பின் வாடையா என்பது நிச்சயமில்லை. ஒரு கிலோ சுட்ட விழுதை 75 டிகிரியில் 20 நிமிடம் வைத்துக் கிருமி நீக்கி, மூடியபடி ஆறவைத்து, முதல் நொதித்தல் அடங்கிய பின் சேர்ப்பார்கள். மறுபடி நுரை கிளம்பும், எனவே மேலே இடம் விட வேண்டும். ஒரு வாரத்துக்கு மேல் காய் உள்ளே கிடக்கக் கூடாது. பெக்டினை உடைக்கும் பெக்டினேஸ் நொதியைச் சேர்த்தால் மூட்டம் குறையும். மாவுச்சத்தை அது தொடாது.

பெரிய ஆபத்து பாட்டிலில் காத்திருக்கிறது. சாதாரண ஈஸ்ட் மாவுச்சத்தைத் தின்னாது. டயஸ்டாட்டிகஸ் வகை ஈஸ்ட் எங்கிருந்தாவது ஒட்டிக்கொண்டால் அது மெல்ல மெல்லத் தின்றுகொண்டே இருக்கும். மாதங்கள் கழித்து மூடியைத் திறந்தால் பீர் பீறிட்டு அடிக்கும், சில வேளை பாட்டிலே வெடிக்கும். கொதியில் சேர்த்த பீருக்கும் இந்த ஆபத்து உண்டு. நொதிகலனில் சேர்க்கும்போது விழுதுக்குள் அடைபட்ட காற்றும் கூட வந்து பீரை ஆக்சிஜனேற்றி, நனைந்த அட்டைச் சுவையைத் தரும். எங்கள் பரிந்துரைப் பட்டியலில் இந்த வழிக்கு இடமில்லை.

காயே இல்லாமல்?

இரண்டு புள்ளி அடர்த்திக்கு 200 கிராம் மால்ட் கூட்டினால் போதும். வழவழப்புக்கு 300 கிராம் ஓட்ஸ் அவலை மாஷில் சேர்க்கலாம். மசாலா சரியாக அமைந்தால் வித்தியாசம் சொல்வது கடினம். சந்தேகம் இருந்தால் மூன்று குவளைச் சோதனை செய்யுங்கள்: இரண்டில் ஒரே பீர், ஒன்றில் மற்றது, எது வேறு என்று கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். அடைப்பும் உமியும் வேண்டாம் என்பவர்களுக்கு இது கௌரவமான வழி. ஆனால் அதற்குப் பரங்கிக்காய் பீர் என்று சீட்டு ஒட்டாதீர்கள்.

மசாலா: தூளா, சாராயச் சாறா?

அடுப்பை அணைக்கும்போது தூளாகச் சேர்ப்பது பழைய முறை. 20 லிட்டருக்குப் பட்டை 3 கிராம், சுக்கு 1 கிராம், ஜாதிக்காய் முக்கால் கிராம், கிராம்பு கால் கிராமுக்குள். கிராம்பில் கை தாராளமானால் நாக்கு மரத்துப்போகும். தூளை நொதிகலனில் போட வேண்டாம். பட்டைத் தூள் நீரில் கோந்து போலாகி, பாட்டில் அடியில் சளியாகப் படியும். இந்த முறையின் குறை, கூடிப்போனால் குறைக்க முடியாது என்பதே. நொதித்தலில் கிளம்பும் வாயு எவ்வளவு வாசத்தை அடித்துச் செல்லும் என்பதும் முன்கூட்டித் தெரியாது.

அதனால் சாராயச் சாறே மேல். 120 மில்லி வோட்காவில் உடைத்த பட்டை 8 கிராம், சுக்கு 3 கிராம், ஜாதிக்காய் 2 கிராம், மூன்று கிராம்பு. ஒரு வாரம் ஊறவைத்து, காபி வடிதாளில் வடியுங்கள். பாட்டிலில் அடைக்கும் நாளில் மூன்று குவளைகளில் தலா 100 மில்லி பீரை எடுத்து, 1 மில்லி ஊசிக்குழலால் 0.1, 0.2, 0.3 மில்லி விட்டுச் சுவையுங்கள். 0.2 பிடித்தால் 20 லிட்டருக்கு 40 மில்லி. இரண்டுக்கு நடுவே மனம் ஊசலாடினால் குறைந்ததையே எடுங்கள். வாயு ஏறிய பீரில் மசாலா இன்னும் தூக்கலாகத் தெரியும்.

இந்தச் சாற்றை, பாட்டிலில் வாயு ஏறுவதற்கான டெக்ஸ்ட்ரோஸ் சர்க்கரைக் கரைசலோடு சேர்த்தே ஊற்றலாம்: 20 லிட்டருக்கு 120 கிராம் டெக்ஸ்ட்ரோஸை 300 மில்லி தண்ணீரில் கொதிக்கவைத்து, ஆறிய பிறகு. இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த ஹைட்ரோமீட்டர் அளவுகள் ஒன்றாக இருந்தால் மட்டும் பாட்டிலில் அடையுங்கள். 20 டிகிரியில் இரண்டு வாரத்தில் வாயு ஏறும். நான்காவது வாரத்தில் மசாலாவின் முனைகள் மழுங்கி மால்ட்டோடு இணங்கும். ஆறு மாதத்துக்கு மேல் வைத்திருந்தால் முதலில் மங்குவது மசாலா வாசம்தான்.