யாஷிகா மேட் 124ஜி: பத்தடியில் நிற்கும் கேமரா

பழைய யாஷிகா மேட் (மேலும் கீழுமாக இரண்டு லென்ஸ் உள்ள ஃபிலிம் கேமரா) ஒன்று விலைக்கு வருகிறது, வாங்கலாமா என்று நண்பன் போன வாரம் கேட்டான். என்னுடையது சர்வீஸிலிருந்து திரும்பி ஒரு மாதம்தான் ஆகிறது. அதிலிருந்தே மனசு சரியில்லை. அவனுக்கு ஒரு வரியில் பதில் சொல்ல முடியவில்லை, அதனால் எழுதுகிறேன்.

இது என் தாய்மாமாவின் கேமரா. மன்னார்குடியில் ஸ்டூடியோ வைத்திருந்தார். அவர் போய் நாலு வருஷம். பதினாறாம் நாள் காரியம் முடிந்த அன்று அத்தை இதை என் கையில் கொடுத்தார். 80 எம்எம் லென்ஸ், 120 என்ற அகலமான ஃபிலிம் ரோலுக்கு 12 படம் என்பதெல்லாம் தெரிந்ததுதான், அதை விடுகிறேன்.

இதில் உள்ள, வெளிச்சத்தை அளக்கும் மீட்டரை நம்பி யாரும் இதை வாங்க வேண்டாம். 1.35 வோல்ட் மெர்க்குரி பேட்டரிக்காகச் செய்த மீட்டர் அது. அந்த பேட்டரி இப்போது வருவதில்லை. 1.5 வோல்ட் பேட்டரியைப் போட்டால் முள் வெளிச்சத்தைக் கூட்டிக் காட்டும், படம் இருட்டடிக்கும். மாமா பேட்டரியே போட்டதில்லை. வாசலுக்கு வந்து ஒரு நிமிஷம் வெயிலில் நிற்பார். "125, பதினொன்னு" என்பார். ஷட்டர் 1/125 விநாடி, லென்ஸ் திறப்பு எஃப் 11 என்று அர்த்தம். நான் இப்போது வெளிச்சத்தைப் போனில் அளந்து வைக்கிறேன்.

மேலிருந்து குனிந்து பார்க்கும் கண்ணாடியில் இடம் வலமாகத் தெரிவது ஒரு வாரத்தில் பழகிவிடும். கிட்டத்தில் முகம் எடுக்கும்போது தலை வெட்டுப்படுவதுதான் தொல்லை. நாம் பார்க்கும் லென்ஸ் மேலே, படம் எடுக்கும் லென்ஸ் கீழே. "பார்த்து முடிச்சதும் ரெண்டு விரல் தூக்கு மாப்ளே" என்று, கேமராவை இரண்டு விரல் அளவு உயர்த்த மாமா சொல்லிக் கொடுத்தார். அதிலிருந்து என் படத்தில் ஒரு தலைகூட வெட்டுப்படவில்லை.

இந்தக் கேமராவை நான் கொண்டாடுவதற்குக் காரணம் வேறு. ஊரில் சாவு விழுந்தால் மாமாவுக்கு ஆள் வரும். உடலை நாற்காலியில் சாய்த்து உட்காரவைத்து, பிள்ளைகள் சுற்றி நிற்க ஒரு படம் எடுப்பது அப்போது வழக்கம். அந்த வீடுகளுக்கு இதைத்தான் எடுத்துப்போவார். வயிற்றோடு ஒட்டிப் பிடித்துக் குனிந்து இதில் பார்க்கலாம். அழுகிறவர்கள் முகத்துக்கு நேராக எதையும் நீட்ட வேண்டியதில்லை. ஷட்டர் விழுவதும் காதில் விழாது. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு, துக்கம் விசாரிக்க வந்தவர் தலைகுனிந்து நிற்பதாகத்தான் தோன்றும். சிறுவயதில் பேக் தூக்கிக்கொண்டு கூடப் போனபோது எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

சரி, சர்வீஸுக்கு வருகிறேன். தூரத்தை அடிக்கணக்கில் காட்டும் இடது பக்கத்து ஃபோகஸ் குமிழ் இறுக்கமாக இருந்தது. கிரீஸ் காய்ந்துபோய், நாலடியில் தொடங்கிச் சுற்றினால் முரண்டு பிடித்துக்கொண்டே வரும். சரியாகப் பத்தடிக்கு வந்ததும் ஒரு சின்னப் பள்ளத்தில் இறங்குகிற மாதிரி நிற்கும். மாமா எடுத்த குரூப் போட்டோ எல்லாமே பத்தடிதான். எஃப் 8 வைத்தால் முன்னே ஒன்றரை அடி, பின்னே இரண்டடி தெளிவாக விழும். இரண்டு வரிசை ஆட்கள் அடங்கிவிடுவார்கள். குமிழைப் பார்க்காமலே வைப்பார். இத்தனை வருஷம் அதே இடத்தில் நின்று நின்று அந்தப் பிடிப்பு வந்திருக்க வேண்டும். நாலு வருஷமும் அந்த இறுக்கத்தைத் திட்டிக்கொண்டேதான் இருந்தேன். ஓடுகிற குழந்தையை இதில் பிடிக்க முடியாது. கட்டைவிரல் வலிக்கும். அதனால்தான் சர்வீஸுக்குக் கொடுத்தேன்.

வேலை செய்தவரைக் குறை சொல்ல மாட்டேன். லென்ஸில் இருந்த பூஞ்சையைத் துடைத்திருந்தார். மெதுவான ஸ்பீடுகள் சரியாகிவிட்டன. கேட்ட தொகையும் நியாயம். பழைய கிரீஸை முழுக்க வழித்துவிட்டுப் புதிது போட்டிருந்தார். இப்போது குமிழ் ஒரு விரலுக்குச் சுற்றுகிறது. கடையிலேயே சுற்றிப் பார்த்தேன். நாலு, ஆறு, எட்டு, பத்து, பதினைந்து என்று எங்கேயும் தட்டாமல் ஓடியது. திரும்பத் திரும்பச் சுற்றினேன். "நல்லா இருக்குல்ல சார்?" என்றார். நன்றாக இருக்கிறது என்று சொல்லிப் பணத்தைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன். வண்டியை எடுக்க முடியவில்லை. மாமாவின் காரியத்தன்றுகூட எனக்கு அவ்வளவு அழுகை வரவில்லை.

வேலை செய்தவர் மேல் கோபம்தான். நான் கேட்டதைத்தான் செய்தார் என்று தெரிந்தும் கோபம். அந்தப் பழைய கிரீஸை ஒரு துணியில் துடைத்துக் குப்பையில் போட்டிருப்பார். அதைக் கேட்டு வாங்கியிருக்கலாமே என்றுகூட ராத்திரியில் தோன்றியது.

நண்பனுக்குப் பதில்: வாங்கு. இந்த விலைக்கு இவ்வளவு பெரிய நெகட்டிவ் தரும் கேமரா சுலபத்தில் அமையாது. வாங்கியதும் சர்வீஸுக்குக் கொடு, குமிழையும் சரிசெய்துகொள். உன்னுடையதில் யாருடைய பத்தடியும் இல்லை. என்னுடையதைக் கேட்டால், சர்வீஸுக்கு முன்னால் இருந்ததே நல்ல கேமரா. படம் மங்கலாக விழுந்தாலும் அதுதான்.

போன ஞாயிறு ஊருக்குப் போய் அத்தையைத் திண்ணையில் உட்காரவைத்தேன். பத்தடி தள்ளி நின்று, கேமராவைத் திருப்பிக் குமிழில் எண்ணைத் தேடினேன்.

"அவரு அதைப் பார்க்கவே மாட்டாருடா" என்றார் அத்தை.

ரோலில் இன்னும் 7 படம் பாக்கி இருக்கிறது.