மேடுபள்ளமான சுவர்களில் வால்பேப்பரும் வண்ணமும்: சில ஆண்டுப் புழக்கத்துக்குப் பிறகு

எங்கள் அறையில் நேரான சுவர் என்று ஒன்றுகூடக் கிடையாது. இரண்டு மீட்டர் அலுமினியச் சட்டத்தைச் சுவரோடு சேர்த்து வைத்தால் நடுவில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி தெரியும். மூலையில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் மேலே சுவரை ஒட்டியும் கீழே விலகியும் நிற்கும். பழைய பூச்சு உறுதியாக இருந்ததால் அதைக் கொத்தி எடுக்காமல், சில சுவர்களுக்கு வால்பேப்பர், மற்றவற்றுக்கு வண்ணம் என்று பிரித்துக்கொண்டோம். எந்தச் சுவருக்கு எது என்பதை வெளிச்சம் விழும் கோணத்தை வைத்தே முடிவு செய்ய வேண்டும் என்பது இத்தனை காலப் புழக்கத்தில் எனக்கு உறுதிப்பட்ட கருத்து.

சன்னலை ஒட்டிச் செல்லும் பக்கச்சுவரில் வெளிச்சம் சாய்வாக வருடிச் செல்வதால், ஒவ்வொரு சிறு மேடும் தன் நிழலை நீளமாக விழச் செய்கிறது. சன்னலுக்கு நேர் எதிரே உள்ள சுவரில் வெளிச்சம் நேராக விழுவதால் அதே அளவு மேடு கண்ணுக்கே படுவதில்லை. ஆகவே பக்கச்சுவர்களுக்குப் புடைப்பு வேலைப்பாடுள்ள தடித்த நான்-ஓவன் (நெய்யாமல் இழைகளைப் பிணைத்துச் செய்த) வால்பேப்பரையும், எதிர்ச்சுவருக்குப் பளபளப்பில்லாத மேட் எமல்ஷன் வண்ணத்தையும் தேர்ந்தெடுத்தோம். மெல்லிய, பளபளக்கும் தாளாக இருந்திருந்தால் சுவரின் குறைகளை அது இன்னும் எடுத்துக்காட்டியிருக்கும்.

தடித்த தாள் சுவரின் நீண்ட அலைகளை மறைக்குமே தவிர, திட்டுகளையும் குழிகளையும் மறைக்காது. இரவில் ஒரு விளக்கைச் சுவரோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு நகர்ந்தால் எல்லாம் வெளிப்பட்டுவிடும். அப்படித் தெரிந்த திட்டுகளைச் சுரண்டி, குழிகளுக்கு மட்டும் பட்டி பார்த்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, பிரைமர் அடித்தோம். அலைகளை அப்படியே விட்டுவிட்டோம். சுவரில் ஓதம் இருந்தால் மட்டும் இந்த வேலை எதையுமே தொடங்கக் கூடாது. குறிப்பாக பிளாஸ்டிக் மேற்பூச்சுள்ள வினைல் தாள் ஈரத்தை உள்ளேயே அடைத்துவிடுவதால், பின்புறம் பூஞ்சை பிடிப்பது வெளியே தெரிவதற்குள் வெகுநாள் ஆகிவிடும்.

மிகுந்த கவனம் தேவைப்பட்டது மூலைகளில்தான். ஒரு முழுத் தாளை மூலையில் மடக்கி அடுத்த சுவருக்குக் கொண்டுபோனால், அது காயும்போது இறுகி, மூலையைத் தொடாமல் இடைவெளி விட்டு நின்று, பிறகு ஒருநாள் கிழியும். அதனால் மூலையைத் தாண்டி ஒன்றிரண்டு சென்டிமீட்டர் மட்டும் விட்டு வெட்டி, அடுத்த சுவரில் தூக்குக்குண்டு கொண்டு புதிய செங்குத்துக் கோடு போட்டு, அங்கிருந்து மறுபடி தொடங்க வேண்டும். நெட்டுக்கோடுகள் உள்ள தாளை இத்தகைய அறைக்கு நான் எவருக்கும் பரிந்துரைக்க மாட்டேன். கோடு சரியாக நின்றாலும் மூலை சாய்ந்திருப்பதை அதுவே காட்டிக் கொடுத்துவிடும். சிதறிய சிறு இலை வடிவங்கள் கொண்ட எங்கள் தாளில், கூரையோரம் ஒரு பக்கம் இறங்கியிருப்பது இன்றுவரை தெரிவதில்லை.

வால்பேப்பர் ஒட்டிய சுவர்கள் பெரும்பாலும் அப்படியே இருக்கின்றன. சன்னலுக்கு அருகில், வெயில் படும் ஓர் இணைப்பில் மட்டும் ஓரம் நகத்தின் அளவுக்குத் தூக்கியது. மெல்லிய தூரிகையால் உள்ளே பசை தடவி, ஈரத்துணியால் அழுத்தி வழித்ததும் படிந்துவிட்டது. புடைப்புகளின் மேல்விளிம்பில் தங்கும் தூசியை மென்மையான தூரிகையால் அவ்வப்போது தட்ட வேண்டியிருக்கிறது.

மேட் வண்ணத்தின் குறை வேறு வகையானது. நாற்காலியின் முதுகு உராயும் இடத்திலும் மின்விசைப் பலகையைச் சுற்றியும் கறையைத் துடைக்கத் துடைக்க அந்த இடம் மட்டும் மினுமினுப்பாகி, பக்கவாட்டில் நின்று பார்த்தால் திட்டாகத் தெரிகிறது. அழுத்தித் தேய்ப்பதைக் காட்டிலும், மீதமிருக்கும் அதே வண்ணத்தைச் சிறு உருளையால் மெல்லியதாக ஒற்றி எடுப்பது நன்றாகக் கலந்துவிடுகிறது. இதற்காகவே கொஞ்சம் வண்ணத்தைக் காற்றுப் புகாத டப்பாவில் எடுத்து வைக்க வேண்டும். வால்பேப்பரிலும் ஒரு சுருள் கூடுதலாக, அதே தயாரிப்புத் தொகுதி எண்ணில் வாங்கி வைப்பது நல்லது. தொகுதி மாறினால் நிறம் ஒரு சாயலாவது மாறக்கூடும், வெயில் வருடிச் செல்லும் சுவரில் அந்த ஒரு சாயலும் கண்ணுக்குப் பட்டுவிடும்.